கன்னத்தில் போட்டுக்கொள்ளாமல் ஒரு பாலம்

1

இதை நான் எழுதுகிற நேரத்தில் செஞ்சியில் தை ஆறு விடிந்திருக்கும். ஆற்றுத் திருவிழா முடிந்து, மணலில் கரும்புச் சக்கையும் வெடித்த பலூனும் கிடக்கும். எங்களுக்கு இங்கே இன்னும் தை ஐந்துதான். வருஷா வருஷம் இந்த நாளில் அண்ணன் வாட்ஸாப்பில் திருவிழாப் படம் அனுப்புவார். நான் பார்த்துப் பெருமூச்சு விட்டுவிட்டு வேலையைப் பார்ப்பேன். இந்த வருஷம் பெருமூச்சு விட நேரமில்லை. மிசிசிப்பி ஆற்றின் ஒரு கரையோடு மேலே போய், பாலம் ஏறி, மறு கரையோடு கீழே இறங்கி வந்தோம். கார் ஓட்டியது நான்.

இதில் என்ன இருக்கிறது என்று ஊரில் படிப்பவர்களுக்குத் தோன்றும். அங்கே இப்போது கல்யாணமாகாத பெண்கள் முதல் பேத்தி எடுத்தவர்கள் வரை ஸ்கூட்டியில் பறக்கிறார்கள். நானோ அமெரிக்காவுக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும், போன புரட்டாசி வரை காரில் ஓட்டுகிறவருக்கு வலது பக்கம் உட்கார்ந்து ஜன்னல் பார்த்தவள். வேலை செய்த பள்ளிக்கூடச் சமையலறை நடக்கிற தூரம். மற்ற இடத்துக்கெல்லாம் வீட்டுக்காரர் ஓட்டினார். அவர் இருக்கும்போது எனக்கென்ன என்று இருந்துவிட்டேன்.

சர்க்கரை முதலில் இவர் சிறுநீரகத்தைப் பிடித்தது. பிறகு கண்ணுக்குப் போனது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். கண் டாக்டர் ஒரு நாள் மிகவும் மரியாதையாக, இனிமேல் நீங்கள் ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார். சொந்த ஊரான வல்லத்திலிருந்து சைக்கிளில் செஞ்சிப் பக்கமெல்லாம் சுற்றி, டிராக்டர் ஓட்டி, இங்கே வந்து பனியிலும் கார் ஓட்டிய மனுஷன். அன்று வீட்டுக்கு வந்து சாவியை டீவி மேல் வைத்தார். அதற்கப்புறம் அந்தச் சாவியை அவர் தொடவே இல்லை. நான்தான் எடுத்தேன்.

2

லைசென்ஸ் டெஸ்டில் முதல் தடவை நான் ஃபெயில். ஏன் ஃபெயில் என்று இந்த ஊரில் யாருக்குச் சொன்னாலும் புரியாது. உங்களுக்குப் புரியும்.

எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தேன். சிவப்பில் நின்றேன், கண்ணாடி பார்த்தேன், இரண்டு வண்டிகளுக்கு நடுவில் காரைச் சொருகினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அதிகாரி திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டு வந்தார். ஒரு திருப்பத்தில் மாதா கோயில் ஒன்று வந்தது. வாசலில் கல் குகை கட்டி, மாதாவுக்கு நீலச் சேலை சாத்தி, காலடியில் விளக்கு எரிந்தது. அவ்வளவுதான். இரண்டு கையும் ஸ்டியரிங்கை விட்டு எழும்பி, குறுக்கே மாற்றிக் கன்னத்தில் போட்டுக்கொண்டன. நான் போடவில்லை, கைகள் போட்டன. செஞ்சி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வளர்ந்தவர்களுக்கு இது தெரியும். கோயில் கடந்தால், புற்று கடந்தால், ஆற்றில் தண்ணீர் ஓடுவதைக் கண்டால், பேசுகிற பேச்சை நிறுத்தாமலே கை கன்னத்துக்குப் போய்விடும். பஸ்ஸை ஓட்டுகிறவர் வேறொருவர் என்பதால் யாருக்கும் ஆபத்தில்லை.

அதிகாரி கையை நீட்டி ஸ்டியரிங்கைப் பிடித்தார். காரை ஓரம் கட்டச் சொன்னார். பிறகு, பல்வலியா அம்மா என்று கேட்டார். இல்லை, சாமி என்றேன். அவர் மாதாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் எழுதிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து அழுதேன். இவர் சிரித்தார்.

"இன்னா இப்ப? கையத் தூக்கிட்ட, அவ்ளோதானே. மர்டரா பண்ணிட்ட?"

"சிரிக்காதீங்க. எனக்கே தெரியாம தூக்கிடுதுங்க."

"சாமி கும்புடறதுக்கு கை எதுக்கு? மனசுல கும்புடேன்."

இவர் சாமி இல்லை என்று சொல்கிற ஆளில்லை. சாமியைச் சும்மா சும்மா தொந்தரவு செய்யக் கூடாது என்கிற ஆள். கோயிலுக்கு வந்தாலும் செருப்பைப் பார்த்துக்கொண்டு வெளியே நிற்பார். இவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு நான் பார்த்ததே இல்லை.

இரண்டாம் தடவை டெஸ்டுக்கு வேறு பக்கம் கூட்டிப்போனார்கள். வழியில் சாமி எதுவும் வரவில்லை. பாஸாகிவிட்டேன்.

3

எங்கள் வீடு மினசோட்டா கரையில். டயாலிசிஸ் கிளினிக் எதிர்க்கரையில், விஸ்கான்சினில். இதுவரை ஒரு வேன் வந்து இவரை ஏற்றிக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவந்து விட்டது. இந்த மாதத்தோடு அந்த வேன் பாலம் தாண்டி வராதாம். போன் செய்து கேட்டேன். நோயாளி எங்கள் மாநிலம், ஆஸ்பத்திரி அவர்கள் மாநிலம், அவர்களைக் கேளுங்கள் என்றார்கள். அவர்களைக் கேட்டால், ஆஸ்பத்திரி எங்களுடையது, நோயாளி அவர்கள் ஆள், அங்கே கேளுங்கள் என்றார்கள். ஒவ்வொரு தடவையும் நடுவில் பியானோ வாசித்தார்கள். அந்தப் பாட்டு எனக்கு மனப்பாடம். ரேஷன் கடையில் கால் கடுக்க நின்றவள்தான் நான். அங்கே சண்டையாவது போடலாம். இங்கே போனில் பேசுகிறவர்கள் அத்தனை இனிமையாகப் பேசினால் எப்படிச் சண்டை போடுவது?

மகன் அருண் சிகாகோவில் இருக்கிறான். நல்ல பையன். என்னிடம் தமிழில்தான் பேசுவான். யோசிப்பது இங்கிலீஷில், திட்டு வாங்குவது தமிழில். சின்ன வயதில் ஒரு தடவை தையில் ஊருக்குக் கூட்டிப்போனபோது, ஆற்றில் ஜனம் ஜனமாக நிற்பதைப் பார்த்துவிட்டு, தண்ணியே இல்லாத ஆத்துக்கு ஏம்மா இவ்ளோ பேரு வந்துருக்காங்க என்று கேட்டான். மறுபடி வரக் கூப்பிட்டபோதெல்லாம் அவனுக்குப் பரீட்சை இருந்தது, பிறகு வேலை இருந்தது.

வேன் விஷயம் கேட்டதும் அவன் ஒரு முடிவோடு போன் செய்தான்.

"அம்மா, கொஞ்சம் பிராக்டிகலா யோசி. வீட்டை வித்துடலாம். இங்க என் அபார்ட்மெண்டுக்குக் கீழேயே ஒண்ணு காலியா இருக்கு. ஞாயித்துக்கிழமை வீடு விக்கிற ஏஜெண்டோட வர்றேன்."

"நான் ஓட்டிட்டுப் போறேன்டா. லைசென்ஸ் இருக்குதே."

"பாலத்து மேல ஓட்டியிருக்கியா?"

நான் போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"வின்டர்ல, ஐஸ்ல, டிரக்குங்களுக்கு நடுவுல? ஒரு தடவையாவது?"

அவன் கேட்டதில் தப்பில்லை. தெருவில், கடைக்கு, நூலகத்துக்கு என்று ஓட்டினேனே தவிர, பாலம் பக்கம் போகவில்லை. எனக்கு டிரக் பயமில்லை. ஐஸ்கூட இரண்டாம் பயம்தான். என் கைகளை நினைத்துத்தான் பயம். சும்மா ஒரு மாதா சிலைக்கே எழும்பின கைகள். கீழே ஒரு மகாநதி கிடக்கும்போது விடுமா?

வீட்டை விட்டுப் போக எனக்கு மனமில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். பெரிய மாளிகை இல்லை. மரச் சுவரும் கீச்சிடுகிற படியும்தான். ஆனால் இவர் கண் மங்கின பிறகும் அந்த வீட்டில் விளக்குப் போடாமல் நடக்கிறார். எந்தப் படி கீச்சிடும் என்று காலுக்குத் தெரியும். புது இடத்தில் சுவரைத் தடவிக்கொண்டு நடப்பார். அதைப் பார்க்க என்னால் முடியாது.

4

ஆகவே இன்று, சனிக்கிழமை, டயாலிசிஸ் இல்லாத நாள், ஏஜெண்ட் வருவதற்கு முதல் நாள், ஒத்திகை பார்க்கக் கிளம்பினோம். ஊர்ப் பாலத்தில் நெரிசல் அதிகம். அதனால் இக்கரையோடு மேலே போய், வண்டி குறைவாக இருக்கும் ஒரு பழைய இரும்புப் பாலத்தில் தாண்டி, அக்கரையோடு கிளினிக் வரை வருவது என்று திட்டம். இவர் தன் குடுவையை எடுத்துக்கொண்டார். அதில் ஐஸ் கட்டிகள். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் குடிக்கலாம் என்று டாக்டர் அளந்து வைத்திருக்கிறார். ஆகவே தாகத்துக்கு ஒவ்வொன்றாக வாயில் போட்டு அடக்குவார்.

ஆற்றோரச் சாலை குளிர்காலத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. இத்தனை வருஷம் வலது பக்கம் உட்கார்ந்து பார்த்தபோது அது வேடிக்கை. இன்று சாலையும் ஒரு ஓரக்கண் ஆறும்தான் எனக்கு. ஒரு பக்கம் செங்குத்தான மலைகள், இடுக்குகளில் பனி. மறு பக்கம் ரயில் தண்டவாளம், அதை ஒட்டி ஆறு. முக்கால்வாசி உறைந்து வெள்ளையாகக் கிடந்தது. அணைக்குக் கீழே மட்டும் தண்ணீர் கறுப்பாக ஓட, மொட்டை மரங்களில் கழுகுகள் மீனுக்குக் காத்திருந்தன.

"ராஜகிரிக்கு வெள்ளையடிச்ச மாதிரி இருக்குது" என்றார் இவர். ராஜகிரி எங்கள் செஞ்சிக் கோட்டை மலை. இந்த மலை அவருக்கு மங்கலாகத்தான் தெரிந்திருக்கும். ஆனால் இந்த வளைவில் வருஷா வருஷம் இதையே சொல்வார், இன்றும் சொன்னார்.

"ஏங்க, பாலத்து மேல கை எழும்பிடுச்சின்னா?"

"எழும்பாது."

"எழும்பினா?"

"எழும்பினா நேரா தீர்த்தவாரிதான். தை அஞ்சு வேற."

எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனாலும் ஸ்டியரிங்கை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

தீர்த்தவாரி என்பது எங்கள் பக்கத்து ஆற்றுத் திருவிழாவின் உயிர். பொங்கல் தொடங்கி ஐந்தாம் நாள், சுற்றுப்பட்ட ஊர்ச் சாமியெல்லாம் டிராக்டரில் ஏறி ஆற்றுக்கு வரும். வரிசையாக நிற்கும். ஆற்றில் குளிக்கும். நாங்கள் பஜார்க்காரர்கள். அப்பாவை நைனா என்போம். நைனா கடையைச் சாத்திவிட்டு எங்களைக் கூட்டிப்போவார். மணலில் உட்கார்ந்து அவித்த சுருளிக்கிழங்கைத் தோலுரித்துத் தின்போம். ஆற்றில் தண்ணீர் இல்லாத வருஷங்களே அதிகம். அப்போது மணலில் ஊற்றுத் தோண்டுவார்கள். தோண்டத் தோண்ட முதலில் ஈரம் வரும், பிறகு கலங்கல், பிறகு தெளிந்த தண்ணீர். அதைச் சொம்பில் மொண்டு சாமிக்கு ஊற்றுவார்கள்.

இவரை நான் முதலில் பார்த்ததே அப்படி ஒரு வருஷம்தான். பெண் பார்க்க வரும் முன், நைனாவே எனக்குத் தூரத்திலிருந்து காட்டினார். இவர் வல்லத்துச் சாமிக்காக ஊற்றுத் தோண்டிக்கொண்டிருந்தார், வேட்டியை மடித்துக் கட்டி, இடுப்பளவு குழியில். பக்கத்து ஊர்க்காரர்கள் தோண்டிய குழியில் தண்ணீர் வந்துவிட்டது. இவர் குழியில் மணல்தான் வந்தது. கடைசியில் அந்த ஊர்ச் சொம்பில்தான் வல்லத்துச் சாமி குளித்தது. இதை நான் இன்றுவரை விடவில்லை. இவரும் இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை. இன்னும் ஒரு முழம் போயிருந்தால் வந்திருக்கும் என்பார்.

5

பாலம் கண்ணுக்குத் தெரிந்தது. கறுப்பு இரும்பு, வளைந்த முதுகு, போக ஒரு தடம், வர ஒரு தடம். அதற்கு முன்னால் ஒரு பலகை. சாலை உறையும் முன் பாலம் உறையும், ஜாக்கிரதை என்று. நான் பாலத்துக்குத் திரும்பாமல் நேராகப் போய், படகு இறக்கும் துறையில் காரை நிறுத்திவிட்டேன்.

"இன்னா ஆச்சி?"

"முடியாதுங்க. அருண் சொல்றதுதான் சரி."

இவர் கதவைத் திறந்து இறங்கினார். எதிரே ஆற்றின் ஓட்டமில்லாத ஒதுக்கம் கெட்டியாக உறைந்திருந்தது. அதன்மேல் ஜனம். கூடாரம் போட்டு, நாற்காலி போட்டு, அடுப்பு மூட்டி, பிள்ளைகள் சறுக்கி விளையாட, நாய் குரைக்க, ஐஸில் துளை போட்டு மீன் பிடித்துக்கொண்டிருந்தார்கள். இவர் கையை நெற்றியில் வைத்துப் பார்த்தார். பிறகு ஐஸில் காலை வைத்துவிட்டார்.

"ஏங்க! கண்ணு தெரியாம எங்க போறீங்க?" என்று பின்னாலேயே ஓடினேன். நான்தான் வழுக்கினேன். அவர் மணலில் நடக்கிற மாதிரி காலைப் பரப்பி வைத்து நடந்தார்.

கரையோரமாகவே ஆரஞ்சுச் சட்டை போட்ட ஒரு பெண், ஆள் உயரத் துரப்பணத்தை ஐஸில் நிறுத்தி, துளை போட ஆரம்பித்திருந்தாள். எங்களைப் பார்த்து, பயப்படாதீர்கள், இங்கே லாரியே நிற்கும், அந்தக் கொடிக்கு அப்பால் மட்டும் போகாதீர்கள் என்றாள். இவர் அவளிடம், எங்கள் ஊரில் நாங்களும் இன்று இதைத்தான் செய்வோம் என்றார். ஐஸா என்று கேட்டாள். மணல் என்றார். ஆற்றில் மணலைத் தோண்டினால் என்ன கிடைக்கும் என்று கேட்டாள். தண்ணீர் என்றார். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, எங்களுக்கும் முதலில் அதுதான் கிடைக்கும் என்றாள்.

துரப்பணம் சுற்றியது. ஐஸ் தூள் பறந்தது. போய்க்கொண்டே இருந்தது, போய்க்கொண்டே இருந்தது. பிறகு குபுக்கென்று தண்ணீர் மேலே வந்து எங்கள் காலடி வரை பரவியது.

"வந்துடுச்சி பாத்தியா!" என்று இவர் கத்தினார்.

"நீங்களா தோண்டினீங்க?"

இவர் மண்டி போட்டு உட்கார்ந்து கையுறையைக் கழற்றினார். துளையில் விரலை விட்டார். குடிக்கக் கூடாத மனுஷன் அந்தத் தண்ணீரைக் கையில் ஏந்திக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் தலையில் தெளித்துக்கொண்டு, எழுந்து என் தலையிலும் தெளித்தார். குளிர் உச்சியில் இறங்கியது.

"தீர்த்தவாரி இங்கியே ஆயிடுச்சி. இனிமே பாலத்து மேலருந்து விழத் தேவையில்ல. வா, வண்டிய எடு."

6

எடுத்தேன். பாலத்தில் சக்கரம் ஏறியதும் சத்தம் மாறியது. இரும்புத் தரை கீழே உறுமியது. எதிரே ஒரு டிரக் வந்தது, அது போன காற்றில் கார் அசைந்தது. நடுப்பாலத்தில் வெள்ளை முடிந்து தண்ணீர் திறந்தது. அகலமாக, கறுப்பாக, வெயில் பட்டு, ஓடிக்கொண்டிருந்தது. இவ்வளவு தண்ணீரை எங்கள் ஆற்றில் ஆயுசில் பார்த்ததில்லை. என் வலது கை விரல்கள் ஸ்டியரிங்கை விட்டுப் பிரிந்தன. நான் பார்க்கிறேன், அவை எழும்புகின்றன.

"விஜயா, கைய எடுக்காத. நான் போட்டுக்கறேன்."

பக்கத்தில் பட் பட் என்று சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்க முடியாது. ஓரக்கண்ணில் தெரிந்தது. இவர் ஆற்றுப் பக்கம் திரும்பி, இரண்டு கையையும் குறுக்கே மாற்றி, கன்னத்தில் போட்டுக்கொண்டார். நிறுத்தி, மறுபடியும் போட்டுக்கொண்டார்.

"மொதல்ல போட்டது உனக்கு. இது எனக்கு. நீ ரோட்டப் பாரு."

ரோட்டைப் பார்த்தேன். கொஞ்சம் கலங்கலாகத் தெரிந்தது. கண்ணைத் துடைக்கக்கூட நான் கையை எடுக்கவில்லை.

அக்கரைச் சாலை குறுகல், வளைவும் ஜாஸ்தி. அதெல்லாம் எனக்கு ஒரு பொருட்டாக இல்லை. கிளினிக் வந்ததும் காரை நிறுத்தினேன். கோட்டுக்குள் நிறுத்தினேன் என்று பொய் சொல்ல மாட்டேன், இரண்டு கார் நிற்கிற இடத்தை எங்கள் கார் ஒன்றே அடைத்து நின்றது. அப்போது இவர் போன் அடித்தது. அருண். ஸ்பீக்கரில் போட்டார்.

"அப்பா, எங்க இருக்கீங்க? வீட்ல யாரும் எடுக்கல."

"கிளினிக்ல."

"இன்னிக்கு சனிக்கிழமை! என்ன ஆச்சு? யாரு கூட்டிட்டு வந்தாங்க?"

"ஒண்ணும் ஆவல. உங்கம்மாதான் ஓட்டிட்டு வந்தா."

"அம்மாவா? பாலத்து மேலயா?"

"பின்ன? ஆத்துல எறங்கி நடந்தா வந்தோம்?"

அந்தப் பக்கம் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. பிறகு, "அம்மா?" என்றான்.

"இருக்கறேன்டா."

"வண்டி எங்கயும் ஸ்லிப் ஆகலையே?"

"ஆவல."

"அப்ப நாளைக்கு அந்த ஏஜெண்டை..." இழுத்தான். "வர வேணாம்னு சொல்லிடவா?"

"சொல்லிடு. நீ மட்டும் வா, சோறாக்கி வைக்கறேன். திங்கக்கிழமை காலைல ஒன்னையும் பின்னால ஒக்கார வெச்சி அப்பாவ நான்தான் கூட்டிட்டு வருவேன். பாத்துட்டு ஊருக்குப் போ."

"சரிம்மா" என்றான். அவன் குரல் சின்னப் பையன் குரல் மாதிரி இருந்தது.

என்ஜினை அணைத்தேன். சாவியை உருவி மடியில் வைத்தேன். அதற்குப் பிறகுதான் இரண்டு கையையும் தூக்கி, நன்றாகச் சத்தம் வரக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

"என்னம்மா சத்தம் அது?"

"ஒண்ணுமில்லடா. ஆத்துத் திருவிழா."